தனியா ஏறின கதை

மச்சான்,

உன் மெசேஜ் அன்னைக்கே பார்த்துட்டேன், பதில் போடத்தான் லேட்டாகிருச்சு, கோவிச்சுக்காத. மகளுக்கு யூனிவர்சிட்டி கிடைச்சிருச்சுன்னு சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், லயத்து வீடு வீடாச் சொல்லி முடிச்சிட்டாங்க. அவங்க முழங்கால் அப்பிடியேதான் இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா எண்ணெய் தேச்சா போதும்ங்கிறாங்க. சரி, அதெல்லாம் போன்ல பேசிக்கலாம், இப்ப எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு.

போன கிழமை சிவனொளிபாத மலை, சிங்களச் சனம் ஸ்ரீ பாதன்னு கும்பிடுற அதே மலைதான், ஏறிட்டு வந்தேன், தனியா. ஆமாடா தனியாத்தான், வீட்டுல பைத்தியமான்னு கேட்டாங்க. நாம சின்னதுல போனப்ப தோட்டத்துல இருந்து லொறி நிறைய ஆளு, அரோகரா போட்டுக்கிட்டு, ஒருத்தருக்குக் கால் வலிச்சா எல்லாரும் உக்காரணும், இன்னொரு புள்ள தூங்கிட்டா அதைத் தூக்க ஆள் தேடணும், மலையை எங்கடா பார்த்தோம், முன்னாடி போறவன் முதுகைத்தானே பார்த்தோம். அதான் ஒரு தடவை என் மூச்சுக்கு நானே ஏறிப் பார்ப்போம்னு தோணுச்சு.

ஹட்டன்ல பஸ் ஏறி நோர்வூட், மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்குப் போய் ஒரு ரூம்ல படுத்துட்டு, ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினேன். சாதாரண கிழமை நாள், அதனால கூட்டம் இல்ல. முதல்ல பாதை லேசாத்தான் இருக்கும், ஜப்பான்காரங்க கட்டின வெள்ளைத் தாதுகோபுரம், சீத கங்குல ஓடை, அதுவரைக்கும் இதென்ன பெரிய மலைன்னு நினைச்சுட்டுப் போவ. அதுக்கப்புறம் படி ஆரம்பிக்கும் பாரு, மொத்தம் ஐயாயிரத்துக்கு மேலங்கிறாங்க, நான் எண்ணல, எண்ணினா ஏற முடியாது. உயரம் 2243 மீட்டர்தான், நம்ம நாட்டுலயே உசந்த மலை பிதுருதலாகலை 2524 மீட்டர், ஆனா அதுக்கு யாரு இப்பிடி அழுதுக்கிட்டே ஏறுறா சொல்லு.

ராத்திரியில நல்லது என்னன்னா எவ்வளவு தூரம் மிச்சம் இருக்குன்னு சரியாத் தெரியாது. லைட்டு வரிசை மட்டும் மேல போய்க்கிட்டே இருக்கும், அதை நிமிர்ந்து பார்க்காம இருந்தா போதும். இந்திகட்டுபான தாண்டும்போது சிங்களச் சனம் கட்டிவிட்ட வெள்ளை நூல் பாதை ஓரமா நீளமா போகுது, புத்தர் அங்க உக்காந்து தன் காவி உடையைத் தச்சார்னு சொல்லுவாங்கல்ல, அதுக்குத்தான். நூல் அழகு, அதுக்குக் கீழ கிடக்குற பொலித்தீனைப் பார்த்தா வயிறு எரியுது, சாமி கும்பிட வர்ற சனம்தான் போடுது, வேற யாரு.

தனியா போனேன்னு சொல்றேனே தவிர உண்மையில தனியா விடமாட்டாங்க மச்சான். இறங்கி வர்றவங்க "கருணாவை"ன்னு வாழ்த்துறாங்க, நானும் பதிலுக்குச் சொல்றேன், எழுபது எழுபத்தஞ்சு வயசுல ஒரு ஆச்சி வெள்ளைச் சேலையில கம்பியைப் பிடிச்சு நிக்குது, என்னைப் பார்த்து "மெதுவா போங்க மகன்"னு சிங்களத்துல சொல்லுது, நான்தான் இளைச்சுக்கிட்டு நிக்கிறேன், அதுக்கு மூச்சே வாங்கல. கடையில இஞ்சி போட்ட பிளேன்டீ ஒண்ணு குடிச்சேன், அந்த நேரத்துக்கு அதுக்கு என்ன விலை சொன்னாலும் குடுக்கலாம்.

அங்க உக்காந்தப்பதான் அந்தக் காலத்துல ஊர் ஊரா சுத்தின மொரோக்கோ பயணி இபுன் பதூதா ஞாபகம் வந்துச்சு. 1344ல அந்த மனுசன் இதே மலைக்கு வந்திருக்கார், யாழ்ப்பாணத்து ராஜா ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கு குடுத்து, 4 யோகி, 3 பிராமணர், இன்னும் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்க 15 ஆளுன்னு சேர்த்து அனுப்பியிருக்கார். என்கிட்ட இருந்தது ஒரு டோர்ச்சும் ரெண்டு பனிஸும்! அப்பெல்லாம் பாறையில சங்கிலியைப் பிடிச்சுத்தான் ஏறணுமாம். அட்டை கடிச்சா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுவாங்கன்னும் எழுதி வச்சிருக்கார், நம்ம தோட்டத்து வைத்தியம் அப்பவே இருந்திருக்கு பாரு.

கடைசி ஏத்தம், மகாகிரிதம்ப, அதைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம், கம்பியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன், அவ்வளவுதான். மேல செருப்பைக் கழட்டணும், சிமெந்துத் தரை குளிர் உள்ளங்கால்ல இருந்து பல்லு வரைக்கும் ஏறுது. ரொம்ப சீக்கிரம் போயிட்டா அந்தக் காத்துல விறைச்சுப் போயிருவ, அதனால வேகமா ஏறுறதுல ஒரு லாபமும் இல்ல. ஏறின தடவைக்கு ஒண்ணா மணி அடிக்கணும்ல, எனக்குக் கணக்கு மறந்துருச்சு, ஒண்ணு அடிச்சுட்டு நகர்ந்துட்டேன்.

இப்ப முக்கியமான விஷயம். சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்க பார்த்து போனைத் தூக்கிட்டாங்க. நான் சொல்றேன், சூரியன் எந்த மலையிலயும் வரும், நீ மேக்குப் பக்கம் போ. மலையோட நிழல் ரத்தினபுரிப் பக்கம் மூடுபனி மேல விழுந்து கிடக்கு, ரூல் வச்சு வரைஞ்ச மாதிரி முக்கோணம். மலை அவ்வளவு ஒழுங்கு வடிவம் இல்லையே, நிழல் மட்டும் எப்பிடின்னு நீ கேப்ப, எனக்குத் தெரியும். நிழல் ரொம்ப தூரத்துக்கு நீளுது, நாம நிக்கிறது மலையோட உச்சியிலேயே, தூரம் போகப் போக ரெண்டு ஓரமும் கண்ணுக்கு ஒண்ணாச் சேர்ந்துருது, ரயில் தண்டவாளம் சேர்ற அதே கணக்கு, எந்த மலைக்கும் இப்பிடித்தான் விழும். சூரியன் ஏற ஏற நிழல் அடிவாரத்தைப் பார்த்துச் சுருங்கிக்கிட்டே வந்து கொஞ்ச நேரத்துல காணாமப் போயிரும். தனியா போனதுல ஒரே குறை அங்கதான், "டேய் இங்க பாருடா"ன்னு சொல்ல ஆள் இல்ல. பக்கத்துல நின்ன ஒரு சிங்கள மாமாவோட கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டினேன், அவர் எத்தனை தடவை பார்த்தவரோ, சிரிச்சுட்டுத் தலையாட்டினார்.

இறங்குறதுதான்டா கொடுமை. ஏறும்போது நெஞ்சு, இறங்கும்போது முழங்கால், அம்மாவோட எண்ணெய்ப் போத்தல் இப்ப என்கிட்டதான் இருக்கு. திரும்பி வரும்போது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துல தண்ணி நல்லா இறங்கியிருந்துச்சு, 1969ல அணை கட்டினப்ப முங்கின பழைய மஸ்கெலியா டவுன்ல இருந்த கோயில் வெளிய தெரியுது, பஸ்ல எல்லாரும் ஒரு பக்கமா சாய்ஞ்சுட்டாங்க. உங்க தாத்தாவுக்கு அங்க கடை இருந்துச்சுன்னு சொல்லுவியே, அது எந்தப் பக்கம்?

ஜூலையில வர்றேன்னு எழுதியிருக்க, மலை ஏறணும்னா அப்ப வேணாம். சீசன் டிசம்பர் போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு ஆரம்பிச்சு, மே மாசத்து வெசாக் பௌர்ணமியோட முடிஞ்சிரும், அப்புறம் லைட்டும் இல்ல, கடையும் இல்ல, மழையும் காத்தும்தான். பிப்ரவரிக்கு டிக்கெட் போடு. போயா நாளும் சனி ஞாயிறும் வேணாம், படிக்குப் படி நின்னு மேல போறதுக்குள்ள விடிஞ்சிரும். ஒண்ணாப் போனாலும் ஏறும்போது நீ தனி நான் தனி, மேக்குப் பக்கச் சுவருகிட்ட சந்திப்போம். லீவு எப்பன்னு சீக்கிரம் எழுது, ரூமுக்கு இப்பவே சொல்லி வைக்கணும்.