முகமூடியைக் கிழிப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜப்பானிய சினிமா கட்டுரை படித்தேன். முதலில் ஒரு திருத்தம். 'மான்ஸ்டர்' (2023) படத்தை ஹிரோகஸு கொரீடா இயக்கினார், எழுதவில்லை. திரைக்கதை யூஜி சகாமோட்டோவுடையது. அந்த ஆண்டு பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதை விருது அவருக்குத்தான் கிடைத்தது. கொரீடா பெரும்பாலும் தன் படங்களைத் தானே எழுதுவார் என்பதால் வந்த தவறாக இருக்கலாம்.

அப்புறம் ஒரு மறுப்பு. ஊருக்குக் காட்டுவதை 'தத்தேமே' என்றும் மனதில் இருப்பதை 'ஹொன்னே' என்றும் ஜப்பானியர் சொல்வார்கள். முன்னதைக் கிழித்துப் பின்னதைக் காட்டுவதே இந்தப் படங்களின் வேலை என்கிறது கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கியோஷி குரோசாவாவின் (புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கு உறவினர் அல்ல) 'டோக்கியோ சொனாட்டா'வை (2008) பாருங்கள். வேலை போன அப்பா அதை வீட்டில் சொல்லாமல் தினமும் கோட்டும் டையுமாகக் கிளம்பிப் பூங்காவில் இலவச உணவுக்கு வரிசையில் நிற்கிறார். அங்கே பார்க்கும் பழைய நண்பர், வேலையில் இருப்பவராகத் தெரியவேண்டும் என்று, தன் செல்போன் மணிக்கு 5 முறை தானாகவே அடிக்கும்படி வைத்திருக்கிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. அவருடைய முடிவு தெரிந்ததும் ஏன் சிரித்தோம் என்று ஆகிவிடுகிறது. ஆனால் படத்தின் உயிர் மனைவி மெகுமிதான். கணவர் அந்த வரிசையில் நிற்பதை அவர் பார்த்துவிடுகிறார். பார்த்தும் வெகுநாள் வாய் திறப்பதில்லை. கணவர் யாரிடம் மறைக்கிறாரோ அவரே அந்த நடிப்பைத் தாங்கிப் பிடிக்கிறார். இதில் கிழிக்க என்ன இருக்கிறது?

'மான்ஸ்டர்' வேறு வகை. மகனை ஆசிரியர் அடித்தாரா என்று கேட்கப் போன அம்மாவின் முன் பள்ளியே வரிசையாகக் குனிகிறது. மன்னிப்பை ஒப்பிக்கிறார்கள், கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அதே நாட்களை ஆசிரியரின் பக்கமிருந்து பார்க்கும்போதுதான், விளக்கம் சொல்ல நினைத்தவரைப் பள்ளிதான் குனியவைத்தது என்று தெரிகிறது. இது நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளும் முகமூடி. இதையும் மெகுமியின் மௌனத்தையும் கட்டுரை ஒரே பத்தியில் அடைத்துவிட்டது.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியைதான் பின்னால் இசை அறையில் அந்தப் பையனுக்கு ஒன்று சொல்லித் தருகிறார்: யாரிடமும் சொல்ல முடியாததைக் குழலில் ஊதிவிடு. இருவரும் ஊதுகிறார்கள். சுருதி சேராத அந்தச் சத்தம் முன்பே ஒருமுறை நம் காதில் விழுந்ததுதான். என்னவென்று அப்போது புரியவில்லை. இந்தக் காட்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.