1964 டிரம் என்று விற்றீர்கள், பேட்ஜ் மட்டும்தான் 1964

வணக்கம்.

இது என் ஐந்தாவது மின்னஞ்சல். முதல் நான்குக்கும் "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதையாவது மனுஷர் யாராவது படியுங்கள்.

1964ஆம் வருடத்து லட்விக் (அமெரிக்க டிரம் கம்பெனி) என்று நீங்கள் எனக்கு விற்ற 16 அங்குல ஃப்ளோர் டாம், அதாவது தரையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய டிரம், 1964 இல்லை. பீட்டில்ஸ் இசைக்குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பிப்ரவரியில் அமெரிக்க டிவியில் லட்விக் டிரம் வாசித்து, அந்தக் கம்பெனியின் சிகாகோ தொழிற்சாலையில் ஆர்டர் குவிந்த வருடம் அது. அந்தப் பெயருக்குத்தானே 1,40,000 ரூபாய் வாங்கினீர்கள்? ஸ்கின் மாற்றலாம் என்று கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து லட்விக் மரக்கூடு மூன்றே அடுக்கு, மெல்லிசு, அதனால் உள்பக்கம் மேலும் கீழும் ஒரு மர வளையம் ஒட்டியிருப்பார்கள். இதில் வளையமே இல்லை. விளிம்பில் நகத்தை வைத்து எண்ணினேன், ஆறு அடுக்கு. ஆறடுக்குக் கூடு எழுபதுகளின் நடுவில்தான் வந்தது. பழைய டிரம் விற்பதே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாதா?

இதைக் காட்டத்தான் திருச்சியிலிருந்து பஸ்ஸில் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு சென்னை வந்தேன், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் வேறு போட்டார். மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு உங்கள் கவுண்ட்டர் தம்பி போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "தட்டுனா சத்தம் வருதுல்ல? வயசு பாக்க இது என்ன மாப்பிள்ளையா?" என்றார். இருபது வருடமாக மேடையில் வாசிக்கிறவனிடம்! அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்டாக வேண்டும், பணம் அப்புறம்.

உங்கள் கடையில் சொன்னது, சீரியல் நம்பர் சரியாக இருக்கிறதாம். சார், நம்பர் இருப்பது பேட்ஜில், அதாவது வெளியே கம்பெனி பெயர் போட்ட உலோகத் தகட்டில். பேட்ஜைப் பிடித்திருப்பது காற்றுத் துளையில் அடித்த ஒரு சின்ன உலோக வளையம், அதை நெம்பினால் பேட்ஜ் கையோடு வந்துவிடும். இதில் அந்த வளையம் புதுசாகப் பளபளக்கிறது, சுற்றிலும் ஸ்க்ரூடிரைவர் கீறல். அறுபதுகளில் பல டிரம்களின் உள்ளே சிவப்பு மையில் தேதி குத்தியிருப்பார்கள், இதில் ஓர் இடம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வெளுத்திருக்கிறது. நீங்கள்தான் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. பார்க்காமல் விற்றீர்கள் என்கிறேன்.

இந்த ஒரு டிரம்மால் என் திருவிழா சீசனே போச்சு, குழுவில் என் பேரும் போச்சு.

தயவுசெய்து 15 நாளில் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் திருச்சிக்கு அலைய வேண்டும். டிரம்மை உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை நான் பஸ் ஏறுவதாக இல்லை.

நன்றி.