செயலாளர் ஆண்டறிக்கை: இந்த ஆண்டு நாம் வாயைத் திறந்து பார்த்தோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரணிக் கரையில் சீமைக்கருவேலம் வெட்டி முடித்தோம். படிப்பகத்துக்குப் புது மின்விசிறி வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். மாதக் கூட்டம் தவறாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்குக் கேட்கிறேன்: வாய்ப் புற்றுநோய்.

சென்ற பொதுக்குழுவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இன்று நம்மோடு இல்லை. பல ஆண்டு நம் கணக்கை எழுதியவர். பெயர் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். அவருக்கு இடது கன்னத்தின் உள்ளே, கீழ்க் கடைவாய்ப் பல் ஓரமாக ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று நினைத்தார். சூடு என்று மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டார். வலி இல்லாததால் அவசரமும் இல்லை. வலி வந்து, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஏழு மாதம் ஓடியிருந்தது.

மாதக் கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. நாக்கால் கன்னத்தைத் துழாவிக்கொண்டே இருப்பார். “என்னண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன். “சூடுப்பா” என்றார். அதோடு விட்டுவிட்டேன். இந்த அறிக்கையை எழுத உட்கார்ந்த நாளெல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே என் பேனா நின்றது. இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அவர் காரியம் முடிந்து கூடிய செயற்குழுவில்தான் வாய்ப் பரிசோதனை முகாம் நடத்துவது என்று முடிவானது. டார்ச் அடித்து வாயைப் பார்த்தால் என்ன தெரிந்துவிடும் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. முகாமுக்கு வந்த பல் மருத்துவர் அதற்குப் பதில் சொன்னார். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பல ஆண்டு ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. 2005-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அது வெளிவந்தது. கண்ணும் வெளிச்சமும் போதும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி.

முகாமில் என் மனதில் நின்றது ஓர் ஆச்சி. துணைக்கு வந்தவர், தனக்கு ஒன்றுமில்லை என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மருத்துவர்தான் எழுந்து போய்ப் பேச்சுக் கொடுத்தார். “சாப்பாடெல்லாம் எப்படி ஆச்சி?” “ரெண்டு வருஷமாக் காரமே ஆகலை தம்பி. மிளகாய் பட்டால் வாயெல்லாம் எரியுது. வயசாச்சுல்ல.” மருத்துவர் உடனே வாயைத் திறக்கச் சொன்னார். நமக்கு நம் மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்க முடிய வேண்டும். ஆச்சிக்கு இரண்டு விரல்கூடச் சரியாகப் போகவில்லை. கன்னத்தின் உள்புறம் வெளுத்து, தொட்டால் நார் நாராகத் தட்டுப்பட்டது.

வாய்க்குள் சதை நார்பிடித்து இறுகும் நோய் இது. சிலருக்கு இது பின்னால் புற்றாக மாறும். இதன் முதல் அடையாளமே காரம் தாங்காத எரிச்சல்தான். நம் ஊர்ச் சமையலில் பிறந்து வளர்ந்த ஒருவர் காரக் குழம்பைத் தள்ளி வைத்துத் தயிர்ச்சோறு கேட்டால், வயதென்றும் வாயுவென்றும் நாமே காரணம் சொல்லிவிடுகிறோம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இன்று இரவே மூன்று விரல் வைத்துப் பாருங்கள்.

“நான் போயிலையே தொட்டதில்லையே” என்றார் ஆச்சி. உண்மைதான். சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு, அவ்வளவுதான். புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு செரிமானத்துக்கு நல்லது என்று நாம் எல்லோரும் நம்பியிருந்தோம். அது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற வேதிப்பொருள்தான் சதையை நார்பிடிக்க வைக்கிறது. கொட்டைப்பாக்கு, களிப்பாக்கு, சீவல், வாசனைப் பாக்கு என்று பெயர் மாறினாலும் சரக்கு ஒன்றே. கன்னத்தில் அடக்கிவைப்பதால் அந்த இடத்திலேயே புண் வருகிறது. இதோடு புகையிலை சேர்ந்தால் ஆபத்து கூடும், மதுவும் சேர்ந்தால் பல மடங்கு.

ஆச்சி பாக்கை விட்டுவிட்டார். இறுகிய சதை முழுதும் பழையபடி ஆகாது, ஆனால் மேலே இறுகாமல் நிறுத்தலாம் என்றார்கள். வாய்ப் பயிற்சியும் மருந்தும் நடக்கின்றன.

இதன்பின் செயற்குழுவில் பெரிய வாக்குவாதம். நம் சங்க விழாவில் வாசலிலேயே வெற்றிலை பாக்குத் தட்டு வைப்பது என் அப்பச்சி காலத்து வழக்கம். பாக்கை எடுப்பது மங்கலக் குறைவு என்று மூத்தவர்கள் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டு முகப்பிலும் ஐயாவின் வெற்றிலைச் செல்லமும் பாக்குவெட்டியும் படிக்கமும் இருந்தன. இரண்டு கூட்டம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தாம்பூலப் பையில் தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், வெற்றிலை இருக்கும். சடங்குக்கு வேண்டிய பாக்கு சாமி முன்னால் இருக்கும். மெல்லுவதற்குத் தட்டில் வைக்க மாட்டோம். சென்ற விழாவில் அப்படியே செய்தோம். யாரும் குறை சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் அருகே ஒரு கடையில் உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் பிள்ளைகள் கைக்குப் போவதாகத் தாய்மார் சொன்னார்கள். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இலேயே தடை வந்துவிட்டது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கடைக்காரரிடம் நேரில் பேசினோம், நிறுத்தினார். கண்காணிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

உறுப்பினர்கள் வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, உதடு, ஈறு, இரண்டு கன்னம், அண்ணம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் காட்டுங்கள். சிவப்புத் திட்டு என்றால் இன்னும் சீக்கிரம். காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன உதடு, குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், கழுத்துக் கட்டி எதையும் ஒதுக்காதீர்கள். புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் கீரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்ற பயம் இங்கே வலுவாக இருக்கிறது. நம் கணக்கரும் அதைச் சொல்லித்தான் இரண்டு மாதம் தள்ளினார். பரவாது. அந்தச் சோதனை இல்லாமல் நோயை உறுதி செய்யவே முடியாது.

சிகிச்சைக்கு மதுரை பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மையம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு. அட்டை எடுக்காதவர்களுக்கு உதவ படிப்பகத்தில் ஞாயிறு காலை தம்பிகள் இருப்பார்கள். பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954-இல் தொடங்கிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்தில், புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் அவரை அந்த வேலைக்குக் கொண்டுபோனது.

அடுத்த முகாமை அரிசி ஆலைத் தொழிலாளர்களுக்காக மாலை வேளையில் நடத்தத் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். பகலில் வைத்ததால் கூலி போகுமென்று அவர்களில் பலர் வரவில்லை; அது எங்கள் திட்டமிடலின் குறை. டார்ச் விளக்குகளுக்கும் கையுறைக்கும் ஆகும் செலவை ஒரு குடும்பத்தார் ஏற்றிருக்கிறார்கள். நம் கணக்கர் வீட்டார்தான் அவர்கள். தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்