டாப்சிலிப்போடு நின்றுவிட்ட கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த டாப்சிலிப் கட்டுரையைப் படித்தேன். 1848 வாக்கில் வெள்ளைக்காரர்கள் ஆனைமலைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, தேக்கை வெட்டி, மலைச்சரிவில் சறுக்கிவிட்டு, பம்பாய்க் கப்பல் துறைக்கு அனுப்பிய கதையை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக் காடான பரம்பிக்குளம் வந்ததும் மட்டும் ‘வெள்ளைக்காரன் போட்ட ரயில்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது காட்டு மரத்தைக் கீழே கொண்டுவரக் கொச்சி சமஸ்தானம் போட்ட டிராம்வே, அதாவது சிறு ரயில். ராம வர்மா மகாராஜா காலத்தில், 1907இல் ஓடத் தொடங்கியது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் பாதை. வெட்டிய மரத்தைப் பாதை வரை இழுத்து வந்து சேர்த்தவை யானைகள்.

சமதளத்தில் நீராவி என்ஜின் இழுத்தது, சரி. செங்குத்தான சரிவில் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அங்கே என்ஜினே கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்டவாளப் பாதை, மேலே ஓர் உருளை, அதைச் சுற்றி இரும்பு வடம். மரம் ஏற்றிய வண்டி ஒரு பக்கம் இறங்கும்போது, அந்தப் பாரமே மறுபக்கத்துக் காலி வண்டியை மேலே இழுத்துவிடும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு குடம் கட்டினாற்போலத்தான். வேகத்தை அடக்குவது பிரேக் பிடிக்கிற ஆளின் வேலை. டன் கணக்கில் தேக்கு கீழே இறங்குகிறது, பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! கட்டுரை பேசியிருக்க வேண்டியது அந்த ஆட்களைப் பற்றி.

சாலக்குடியில் பெரிய ரயில் தயாராக நின்றது. சோரனூர்–எர்ணாகுளம் பாதை 1902லேயே வந்துவிட்டதே. அப்புறம் அங்கிருந்து மரம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அரை நூற்றாண்டுக்கு மேல் காட்டைக் காலி செய்துவிட்டு, 1963இல் டிராம்வேயை மூடினார்கள். இதைப் பெருமையாக மட்டும் எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. பரம்பிக்குளத்தில் இன்றும் நிற்கிற பழம்பெரும் மரமான கன்னிமாரா தேக்கு தப்பித்ததே பெரிய விஷயம்.

பரம்பிக்குளத்துக்கு வண்டியில் போக இன்றைக்கும் எங்கள் பொள்ளாச்சி, சேத்துமடை வழிதான். உங்கள் நிருபரும் அப்படித்தான் போயிருப்பார். அடுத்த முறை சாலக்குடிப் பக்கமும் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். கட்டுரையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி.