பெட்டியில் குறைந்த 70 கிராம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே சம்பா நடவு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிறது, அதுவே பெரிய நிம்மதி.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் 23 கிலோ காட்டிய பெட்டி, அதே கொக்கித் தராசில் தஞ்சாவூர் வந்ததும் 22.93 காட்டியதே, தராசு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தாய். அந்தச் சின்னத் தராசை அவ்வளவு துல்லியமாக நம்ப முடியாதுதான். ஆனால் நல்ல தராசாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதையேதான் காட்டியிருக்கும். பூமி பெட்டியை எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை. அந்த முடுக்கம், அதாவது கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் கூடும் அளவு, லண்டனில் வினாடிக்கு 9.81 மீட்டர், நம்மூரில் 9.78. ஆயிரத்துக்கு மூன்று பங்கு குறைவு. 23 கிலோவுக்கு 70 கிராம். பழைய இரட்டைத் தட்டுத் தராசில் நிறுத்திருந்தால் வித்தியாசமே தெரிந்திருக்காது, படிக்கல்லும் கூடவே லேசாகியிருக்கும்.

உன் கடிதத்தைப் படித்த ராத்திரியே ஒரு பூட்டை நூலில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டேன். மேல் முடிச்சிலிருந்து பூட்டின் நடுவரை சரியாக 1 மீட்டர். 20 தடவை போய்வர 40.2 வினாடி, அதாவது ஓர் அலைவுக்கு 2.01. பையின் (π) வர்க்கத்தை நான்கால் பெருக்கி, அதை நீளத்தாலும் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தேன். நம்மூர் முடுக்கம் 9.77 வந்தது! பிளஸ் ஒன் லேபில் தனி ஊசல் செய்தபோது 9.8 வர வேண்டுமென்று நாம் அளவுகளைத் திருத்தி எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. பொறுமையாக எண்ணியிருந்தால் தானாகவே வந்திருக்கும்.

1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் இப்படித்தான் பொறுமையாக எண்ணினார். பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்கு அவர் கொண்டுபோன ஊசல் கடிகாரம், அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் மெதுவாக ஆடி, நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைக் குறைத்த பிறகுதான் சரியாக ஓடியது. பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்பதற்கு நியூட்டன் இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டார். நிலநடுக்கோட்டில் நிற்பவர், துருவத்தில் நிற்பவரைவிடப் பூமியின் மையத்திலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் அதிகம் விலகி நிற்கிறார். பூமியின் சுழற்சியும் தன் பங்குக்கு எடையைக் கொஞ்சம் குறைக்கிறது. பூமியின் வடிவத்தையே ஒரு கடிகாரத்தின் தாமதம் காட்டிக்கொடுத்தது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

அப்புறம், லண்டனில் நீயும் ஒரு பூட்டைக் கட்டு. நூல் நீளாததாக இருக்கட்டும். 1 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகக் கூடாது. 200 அலைவு எண்ணு. உனக்கு என்னைவிட அரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே முன்னதாக முடிய வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு எண்ணப்போகிறேன். உன் கணக்கை அடுத்த கடிதத்தில் எழுது, திருத்தாமல்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்