ஐந்து வருடத்தில் அடங்காத கேள்விகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராக்கெட் ஏறும் நாளிலும் நோபல் அறிவிக்கும் வாரத்திலும் உங்கள் பத்திரிகையில் அறிவியலுக்கு முதல் பக்கம் கிடைக்கிறது, சந்தோஷம். இன்னும் விடை தெரியாத கேள்விகளைப் பற்றியும் அவற்றோடு மல்லுக்கட்டும் இளவட்டங்களைப் பற்றியும்தான் எதுவும் வருவதில்லை.

நான் இங்கே சென்னையில் சூரிய இயற்பியலில் பிஎச்டி செய்கிறேன். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். விலகிப் போகப் போகச் சூடு குறைவதுதானே நியாயம்? ஆனால் சூரியனைச் சுற்றி வெளியே இருக்கும் வாயு மண்டலமான கொரோனாவில் அது பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. காந்தப்புலம்தான் காரணம் என்பதில் பெரிய சண்டை இல்லை. அந்த ஆற்றல் அலைகளாக மேலே போகிறதா, சின்னச் சின்ன வெடிப்புகளாகச் சிதறுகிறதா, எதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் இன்றுவரை முடிவில்லை.

1869 கிரகணத்தின்போது கொரோனாவின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்ததில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தாததால் ‘கொரோனியம்’ என்று புதிதாக ஒன்றையே கற்பனை செய்துகொண்டார்கள். சுமார் எழுபது வருடம் கழித்து, க்ரோட்ரியன், எட்லன் ஆகிய விஞ்ஞானிகளின் வேலையால்தான் அது 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு என்று தெரிந்தது. இரும்பு அப்படி இழக்க வேண்டுமானால் அங்கே அவ்வளவு சூடு இருந்தாக வேண்டும். 2023 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய, சூரியனை ஆராயும் நம் விண்கலமான ஆதித்யா எல்1-இல் உள்ள கருவியும் அதே பச்சைக் கோட்டைத்தான் பார்க்கிறது.

சரி, எங்கள் கணக்குக்கு வருகிறேன். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை (ஃபெலோஷிப்) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் மூன்று வருடம் 42,000, கூடவே வீட்டு வாடகைப்படி. தொகையில் எனக்குக் குறை இல்லை. அது வரும் தேதிதான் பிரச்சினை. சில சமயம் மாதக்கணக்கில் வராது, கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். வேளச்சேரியில் ரூம் வாடகைக்கு அந்தச் சமாதானமெல்லாம் செல்லாது. ஹவுஸ் ஓனருக்கு ஃபெலோஷிப் தாமதத்தை விளக்குவதைவிட கொரோனாவை விளக்குவது சுலபம்.

இந்த ஐந்து வருடக் கெடுவும் பணம் வருமா என்ற பயமும் சேர்ந்து என்ன செய்கிறதென்றால், யாரும் பெரிய கேள்விப் பக்கமே போவதில்லை. என் கைடு தங்கமானவர், அவரே “பேப்பர் வர்ற மாதிரி ஒரு பிராப்ளம் எடும்மா, பெரிய கேள்வியெல்லாம் வேலை கிடைச்சப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார். அவர் சொல்வது நடைமுறை, தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பிஎச்டி, அதற்குப் பிறகு போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை எல்லாம் முடிந்து நிரந்தர வேலை கிடைப்பதற்குள் முப்பத்தைந்தைத் தொட்டுவிடுகிறோம், அதற்குள் சின்னக் கேள்வியே பழகிவிடுகிறது.

மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று பத்தொன்பது வயதில் போட்ட கணக்கை மேடைக்கு மேடை சொல்கிறோம். அவர் அரசு உதவித்தொகையில்தான் கேம்பிரிட்ஜ் போனார் என்பதையும் கொஞ்சம் சொல்லலாம்.

மாதத்தின் முதல் வாரத்தில் ஃபெலோஷிப் வர வேண்டும், நீண்ட கேள்வியை எடுத்தவர்களின் வேலையைப் பார்த்துவிட்டு ஒரு வருடம் கூட்டித் தர வேண்டும். அரசிடம் கேட்பது இவ்வளவுதான். உங்களிடம் கேட்பது, விடை கிடைக்காத கேள்விகளுக்கு வாரம் அரைப் பக்கம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தின் கல்தூண் இன்னும் நிற்கிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். எழுத நாங்கள் நான்கைந்து பேர் தயார். சன்மானம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, சொன்ன தேதியில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர் ஆராய்ச்சி மாணவி,
வேளச்சேரி, சென்னை