மெமரி ரப்பர் இல்லீங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல விர்ச்சுவல் மெஷின் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேராலேயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன், நல்லா எளிமையாத்தான் எழுதியிருந்தாரு, ஆனா நடுவுல "ஓடிக்கிட்டு இருக்கும்போதே மெமரியை இழுக்கலாம், வேணாம்னா சுருக்கிக்கலாம், ரப்பர் மாதிரி"ன்னு ஒரு வரி போட்டிருந்தாருல்ல, அங்கதான் எனக்கு உறுத்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல சர்வர் பாத்துக்குற வேலையில இருக்கேன். இழுக்குறது சரி. சுருக்குறது அவ்ளோ லேசு இல்ல, அதை நம்பி ராத்திரி தூக்கத்தைத் தொலைச்சவன்ங்கிற உரிமையில இதை எழுதுறேன்.

சிக்கல் என்னன்னா, கெஸ்ட் ஓஎஸ், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள்ள ஓடுற ஓஎஸ், எந்த பேஜை (மெமரியோட குட்டித் துண்டை) நிஜமாவே யூஸ் பண்ணுது, எதை சும்மா வச்சிருக்குன்னு கீழ இருக்குற நிஜ மெஷினான ஹோஸ்டுக்குத் தெரியாது. கெஸ்ட் ஒரு பேஜை ஒரு தடவை தொட்டுடுச்சுன்னா ஹோஸ்ட் கணக்குல அது கெஸ்டோடது, உள்ள அந்த ப்ரோக்ராமை மூடி ஒரு வாரம் ஆகியிருந்தாலும் அப்படித்தான். லினக்ஸ் வேற காலியா இருக்குற மெமரியை விட்டு வைக்காது, படிச்ச ஃபைலையெல்லாம் திரும்ப டிஸ்குக்குப் போகாம எடுக்குறதுக்காக மெமரியிலயே பேஜ் கேஷ்ல ரொப்பி வச்சுக்கும், 16 ஜிபி கொடுத்தா கொஞ்ச நாள்ல 16 ஜிபியும் ரொம்பிடும். கூடாரத்துல ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான்.

இதுக்குத்தான் பலூன்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர் பண்ற வி.எம்.வேர் கம்பெனியில இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002ல இதை விவரமா ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதினாரு. யோசனை ரொம்ப அழகு: கெஸ்டுக்குள்ளயே டிரைவர்னு ஒரு குட்டி ப்ரோக்ராமை உக்கார வச்சுடணும், ஹோஸ்டுக்கு மெமரி தட்டுப்பாடு வந்தா அந்த டிரைவர் கெஸ்ட்கிட்ட மெமரி கேக்கும், கெஸ்ட் தனக்கு எது தேவையில்லையோ அதைத் தானே பாத்து கொடுக்கும், டிரைவர் அந்த பேஜையெல்லாம் கீழ ஹோஸ்ட்கிட்ட ஒப்படைச்சிடும், அது பிடிக்கப் பிடிக்க கெஸ்டுக்குள்ள பலூன் ஊதுற மாதிரி. எதை விடணும்ங்கிறதை வெளியாள் முடிவு பண்ணாம வீட்டுக்காரனே முடிவு பண்றான்.

ஆனா "தேவையில்லாததைக் கொடு"ன்னா சரி, தேவையில்லாதது எதுவுமே இல்லன்னா? எங்களுக்கு நடந்தது அதுதான். ஒரு ஹோஸ்ட்ல இருந்த மெமரியை விட அதிகமா மெஷின்களுக்குப் பங்கு போட்டிருந்தோம், எல்லாரும் ஒரே நேரத்துல கேக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. மாசக் கடைசி, ராத்திரி, எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டாங்க. 16 ஜிபி டேட்டாபேஸ் மெஷின்ல பலூன் ஊத ஆரம்பிச்சு 6 ஜிபிக்கு மேல போயிடுச்சு, டேட்டாபேஸ் மட்டுமே தன் கேஷுக்கு 10 ஜிபி பிடிச்சு வச்சிருக்கு, கெஸ்ட் பாவம் வேற வழியில்லாம அந்தக் கேஷையே ஸ்வாப்புக்கு, அதாவது மெமரி பத்தாதப்ப டிஸ்க்ல ஒதுக்குற இடத்துக்கு, தள்ளிடுச்சு. டிஸ்குக்குப் போகக்கூடாதுன்னுதான் கேஷ் வைக்கிறோம், அந்தக் கேஷே டிஸ்க்ல! ஹோஸ்ட் ஸ்கிரீன்ல பாத்தா எல்லாம் பச்சை. கெஸ்டுக்குள்ள பாத்தா மெமரி ஃபுல், ஆனா ப்ராசஸ் எல்லாத்தையும் கூட்டினா அந்தக் கணக்கு வரவே இல்ல, ஏன்னா பலூன் பிடிச்சது எந்த ப்ராசஸ் பேர்லயும் இல்ல. அது புரியறதுக்கே எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. தப்பு எங்களோடதுதான், இந்த மெஷினுக்கு இவ்ளோ மெமரியை யாரும் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் பண்ணி வைக்கல.

சரி, பலூன் வேணாம், மெஷின் ஓடும்போதே மெமரி ஸ்டிக்கைக் கழட்டுற மாதிரி ஹாட் அன்ப்ளக் பண்ணலாமேன்னு கேக்கலாம். மாட்டுறது நல்லா வேலை செய்யும். கழட்டும்போதுதான் வம்பு, சாதாரண எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப்) லினக்ஸ்ல மெமரியை பெரும்பாலும் 128 எம்பி பிளாக்கா பிரிச்சு வச்சிருக்கும், அதுல நகர்த்த முடியாத கர்னல் (ஓஎஸ்சோட மையப் பகுதி) பேஜ் ஒண்ணே ஒண்ணு உக்காந்திருந்தாலும் மொத்த பிளாக்கும் மாட்டிக்கும். கெஸ்டோட மெமரியைக் கூட்டிக் குறைக்க விர்ட்டியோ-மெம்னு ஒண்ணு 2020ல லினக்ஸ் 5.8ல வந்துச்சு, அது சில எம்பி அளவு துண்டுகளா எடுக்கப் பாக்குது, முன்னைக்கு எவ்வளவோ தேவலாம். அதே வருஷம் 5.7ல, கெஸ்ட்ல நிஜமாவே ஃப்ரீயா இருக்குற பேஜை தானாவே ஹோஸ்டுக்குச் சொல்ற வசதியும் வந்துச்சு. ஆனா பேஜ் கேஷ் ஃப்ரீ கணக்குல வராதுங்கிறதால ஒட்டகம் அங்கயேதான் இருக்கு.

கூட்டுறது சுலபம்னு சொன்னேன்ல, அதுலயும் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. நீங்க மெமரியைக் கூட்டினா கெஸ்ட் ஓஎஸ்சுக்குத் தெரியும், உள்ள ஓடுற ப்ரோக்ராமுக்குத் தெரியணுமே! ஜாவாவை எடுத்துக்குங்க, நாம எதுவும் சொல்லலன்னா ஸ்டார்ட் ஆகும்போது எவ்ளோ மெமரி தெரியுதோ அதுல கால் பங்கைத்தான் ஹீப்புக்கு (ப்ரோக்ராம் தன் டேட்டாவை வைக்கிற இடம்) உச்சவரம்பா வச்சுக்கும். மைக்ரோசாஃப்டோட ஹைப்பர்-வி டைனமிக் மெமரியில 2 ஜிபியில ஸ்டார்ட் ஆகி அப்புறம் 16 ஜிபி வரைக்கும் வளர்ற மெஷின்னு வைங்க, ஜாவா அரை ஜிபிக்குள்ளயே உக்காந்து மூச்சு முட்டும், பக்கத்துல மெமரி கொட்டிக் கிடக்கும். ரீஸ்டார்ட் பண்ணாத்தான் கண்ணைத் தொறக்கும். கிராபிக்ஸ் கார்டை நேரா கெஸ்டுக்கு பாஸ்த்ரூ பண்ணியிருந்தீங்கன்னா மெமரியைப் பொதுவா அசைக்க முடியாதபடி அப்படியே பின் பண்ணி வச்சுடுவாங்க, பலூன் பேச்சே கிடையாது.

அதனால வசதியே வேணாம்னு நான் சொல்ல வரல. டெஸ்டிங் மெஷின், பகல்ல மட்டும் ஓடுற மெஷின், இதுக்கெல்லாம் பலூன் வரப்பிரசாதம், தாராளமா போடலாம். டேட்டாபேஸ், பெரிய ஹீப் வச்சிருக்குற ஜாவா இதுக்கெல்லாம் மட்டும் முழு மெமரியையும் ரிசர்வ் பண்ணிட்டு கையைக் கட்டிக்கிட்டு இருங்கன்னு கட்டுரையில ஒரு வரி சேத்திருந்தா புதுசா வர்ற பசங்க என்னை மாதிரி ராத்திரி முழிக்க வேண்டாம்.

இன்னொண்ணு, அந்தக் கட்டுரையோட போட்டிருந்த படம், விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சாஃப்ட்வேரான விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸ்ல இருக்குற மெமரி ஸ்லைடர். "ஓடும்போதே மாத்தலாம்"ங்கிற வரிக்கு நேரா கீழ அதைப் போட்டிருக்கீங்க. மெஷினை ஆஃப் பண்ணாம அந்த ஸ்லைடர் நகராதுங்க, சும்மா ஒரு தடவை இழுத்துப் பாருங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்